மேடையில மௌனம் ஆகாது

வாங்கம்மா, வாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். தஞ்சாவூர் ராஜாமணி நேத்தே ஃபோன்ல சொல்லிட்டார், "சிங்காரம், உன் நாடகத்துக்குக் கதாநாயகி பாத்தாச்சு, ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வருவாங்க"ன்னு. நீங்க இன்னிக்கே வந்துட்டீங்க. சந்தோஷம். முன்கூட்டியே வர்ற ஆளைப் பாத்தாலே எனக்குப் பாதி பாரம் இறங்கிடும். உக்காருங்க. ஐயோ, அதுல வேண்டாம்மா, அது செட்டு நாற்காலி. உக்காந்தா ஒரு காலு கழண்டுக்கும். சிரிப்புக்காகச் செஞ்சு வெச்சது. இதுல உக்காருங்க.

இதுதான் என் வீடு. இதுதான் ரிகர்சல் ஹாலு. உறையூர் கலகலப்பு நாடக மன்றத்தோட தலைமை ஆபீசு, கிளை ஆபீசு, குடோனு எல்லாமே இந்த மாடிதான். ஏறி வந்ததுல மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி குடிங்க மொதல்ல.

என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியுது. நான் நடிச்சுப் பழக்கமில்லையே சார், அதானே? புதுசா வர்ற அத்தனை பேரும் இதைத்தான் சொல்லுவாங்க. நடிப்புக்குப் பழக்கம் எதுக்கும்மா? யாரு யாருக்கு என்ன உறவுன்னு தெரிஞ்சுட்டாப் போதும், நடிப்பு தன்னால வரும். அதனால மொதல்ல நான் கதையையும் உறவுமுறையையும் சொல்லிடறேன். அப்புறம் நீங்க பேசலாம். நாள் பூராப் பேசலாம், நான் கேக்கறேன்.

நாடகம் பேரு 'அடுப்பங்கரைக் காதல்'. எழுதினது, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அடியேன்தான். காதல் கதைதான், ஆனா ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. நான் ரிட்டயர்டு சப் ஜட்ஜு பஞ்சாட்சரம். பிடிவாதக்காரன். சாப்பாட்டு ராமன். எனக்கு ஒரே பொண்ணு, லலிதா. அதான் நீங்க. லலிதாவுக்கு அம்மா கிடையாது. ஒரு அத்தை உண்டு, காது கேக்காது, அவங்க வந்தா வந்த இடமெல்லாம் சிரிப்பு. லலிதா காலேஜ்ல சந்திரன்னு ஒரு பையனை விரும்பறா. அந்தப் பையனோட அப்பனுக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு, மூஞ்சில முழிக்க மாட்டோம். பையன் என்ன பண்றான்? சமையல்காரன்னு பொய் சொல்லிக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே வந்துடறான். நான் அவன் வைக்கிற ரசத்துல மயங்கிப் போறேன். பொண்ணு கிட்டத்துலயே அவன் இருக்கான், எனக்குத் தெரியல. ஊருக்கே தெரியுது, அத்தைக்குக் கூடத் தெரியுது, இந்தப் பஞ்சாட்சரத்துக்கு மட்டும் தெரியல! கடைசி சீன்ல உண்மை உடைஞ்சு போயி, பையன் என் கால்ல விழறான். நான் ஒரு நிமிஷம் முறைச்சுப் பாத்துட்டு, "ரசம் வைக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளையை எவன்டா விடுவான்? கட்டிக்கம்மா!"ங்கறேன். அந்த இடத்துல கைதட்டல் அடங்கறதுக்குள்ள திரை விழுந்துடும்.

அவ்வளவுதான் உறவு. பிடிவாதக்கார அப்பன், பொய் சொல்ற பையன், ரெண்டு பக்கமும் பாசம் வெச்சுத் தவிக்கிற பொண்ணு. இந்தத் தவிப்பு முகத்துல தெரியணும், ஆனா அழக் கூடாது. எங்க மங்கை அதை எப்படிப் பண்ணுவா தெரியுமா? ஒரு சின்னச் சிரிப்பு சிரிச்சுட்டு, கீழ பாப்பா. போதும். ஜனங்க உச்சுக் கொட்டுவாங்க.

மங்கை யாருன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். மங்கையர்க்கரசி. என் பொண்ணு. இத்தனை வருஷமா லலிதாவா நின்னவ அவதான். கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டீச்சரு, சாயந்திரமானா லலிதா. இப்ப இங்க இல்ல. கல்யாணம் ஆயிடுச்சு. கல்யாணம் ஆனதுக்கப்புறம் இந்தப் படி ஏறல. அதுக்கு முன்னாடியே வீட்டை விட்டுப் போயிட்டா.

வெளில உங்களுக்கு யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிடறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்மா. என் பொண்ணு திரும்ப இந்த வீட்டுக்கு வரணும். "அப்பா"ன்னு கூப்பிடணும். நான் ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. நாடகம் போட்டா வருவா. அது எனக்குத் தெரியும், வேற ஒரு பொண்ணு லலிதாவா நிக்கறான்னு காதுல விழுந்தா, எப்படித்தான் பண்றான்னு பாக்கவாவது வருவா. அதுக்குத்தான் உங்களைத் தேடினது. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது?

இருங்க, இருங்க, நான் முடிச்சுடறேன். பாதில விட்டா எனக்குக் கோர்வை போயிடும்.

எனக்கு என்ன குறைன்னா, நான் தப்புப் பண்ணியிருந்தா அடிங்க, வாங்கிக்கறேன். நான் பண்ணினது என்ன? சம்மதம் சொன்னேன்! பொண்ணைக் கேட்டு வந்தான், குடுத்தேன்னு சொன்னேன்! எந்த அப்பனாவது சம்மதம் சொல்லிட்டு இப்படி உக்காந்திருப்பானா? நாடகத்துல எழுதினாக்கூட ஜனங்க நம்ப மாட்டாங்க.

வந்தது யாருன்னு கேளுங்க. குருபரன். எங்க பிராம்ப்ட்டர்.

பிராம்ப்ட்டர்னா தெரியும்ல? திரைக்குப் பின்னாடி நின்னு வசனம் எடுத்துக் குடுக்கற ஆளு. எங்க ஹீரோ ஜெயசீலன் இருக்கானே, அவன் ஆளு பாக்க ராஜா மாதிரி இருப்பான், ஆனா ஒரு வரி மனப்பாடம் பண்ண மாட்டான். கேட்டா, "அதான் குரு இருக்கான்ல வாத்தியாரே"ம்பான். "லலிதா, உன்னைப் பாக்காத நாள் எனக்கு விடியறதே இல்ல"ன்னு வசனம் இருக்குன்னு வைங்க. மொதல்ல அது குருபரன் வாயிலேருந்து கிசுகிசுன்னு வரும். அதைக் காதுல வாங்கி ஜெயசீலன் உரக்கச் சொல்லுவான். எல்லா வரியும் அப்படித்தான். காதல் வரி பூரா.

குருபரன் அச்சாபீஸ்ல புரூஃப் பாக்கற பையன். தங்கமான பையன், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு குறை. வாய்விட்டுப் பேசினா திக்கும். சும்மா லேசா இல்ல, நல்லாத் திக்கும். ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டான்னா கண்ணை மூடிக்குவான், கழுத்து நரம்பு புடைச்சுக்கும், பாக்கற நமக்கு மூச்சு முட்டும். ஆனா அதிசயம் பாருங்க, கிசுகிசுன்னு பேசினா ஒரு தடங்கல் கிடையாது. தண்ணி மாதிரி வரும். அதைக் கண்டுபிடிச்சு அவனைப் பிராம்ப்ட்டராப் போட்டது நான். எனக்கு ஆளுகளை எடை போடத் தெரியும்மா.

இப்ப நல்லாக் கேக்கறீங்க. இப்படித்தான் கேக்கணும்.

நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன்னு சொல்றேன். வயசுப் பொண்ணை மேடையில ஏத்தறோம், நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதனால ஜெயசீலனுக்குக் கண்டிப்பாச் சொல்லி வெச்சிருந்தேன். காதல் சீனா இருந்தாலும் சரி, நடுவுல சாப்பாட்டு மேசை இருக்கும். மேசையைத் தாண்டி வரக் கூடாது. அவனும் கல்யாணமானவன், தாண்ட மாட்டான். மங்கை ஜன்னலுகிட்ட நிப்பா. ஏன்னா மைக் அங்க தொங்கும், அவ குரல் சன்னம். ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு துணிப் படுதா. படுதாவுக்குப் பின்னாடி குருபரன் ஸ்டூலு. அவனுக்கு வேற இடம் இல்ல, அந்தப் பக்கம் மின்விசிறி வெச்சுட்டோம். ஊர் ஊராப் போனோம், புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர், எங்க போனாலும் அதே ஏற்பாடுதான். ஜெயசீலன் என் பொண்ணு பக்கத்துல வந்து ஒரு தடவை நின்னான்னு யாராவது சொல்லட்டும், காது அறுத்துக்கறேன்.

அப்படி இருந்தும் நடந்துடுச்சு. எப்படி நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. ரிகர்சல்ல மங்கையும் குருபரனும் ஒருத்தரை ஒருத்தர் ஏறெடுத்துப் பாத்தது கிடையாது.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. சிரிச்சா அழகா இருக்கீங்க. யாரையோ ஞாபகப்படுத்துது, யாருன்னு வரமாட்டேங்குது. அதை விடுங்க.

ஒரு நாள் ரிகர்சல். இதே ஹாலு. எல்லாரும் உக்காந்து போண்டா சாப்பிடறாங்க, டீ வந்திருக்கு. குருபரன் அவன் ஸ்டூல்லேருந்து எழுந்து முன்னாடி வந்து நின்னான். அவன் முன்னாடி வந்து நின்னு யாரும் பாத்ததில்ல. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, நெத்தியில விபூதி. எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. "வாத்தியாரே"ன்னான். எல்லாரும் என்னை வாத்தியாரேன்னுதான் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் நல்லா வந்துடுச்சு. அப்புறம், "உ... உ... உ..."ன்னு நிக்கறான்.

மேடையில மௌனம் ஆகாதும்மா. இது உங்களுக்கு முதல் பாடம். ஜனங்க முன்னாடி ரெண்டு விநாடி சத்தமில்லாமப் போச்சுன்னா நாடகம் செத்துடும். பின்வரிசையில ஒருத்தன் இருமுவான், இன்னொருத்தன் விசிலடிப்பான், அப்புறம் பிடிக்கவே முடியாது. யாருக்கு வசனம் மறந்தாலும் நான்தான் உள்ள பூந்து எதையாவது சொல்லிக் காப்பாத்துவேன். இந்த ஊர்ல என் டைமிங்குக்கு ஈடு கிடையாது, நான் சொல்லல, கேட்டுப் பாருங்க. அந்தப் பழக்கம். அவன் "உ... உ..."ன்னு நின்னதும் என் வாய் தன்னாலயே, "உப்புமாவா? இன்னிக்குப் போண்டாதான்யா, சாப்பிடு!"ன்னுடுச்சு.

ஹாலே அதிர்ந்து போச்சு. ஜெயசீலனுக்குப் புரையேறிடுச்சு. குருபரனும் சிரிச்சான். ஒரு போண்டாவை எடுத்துக்கிட்டுப் போயி ஸ்டூல்ல உக்காந்துட்டான். அவனைச் சங்கடத்துலேருந்து காப்பாத்திட்டேன்னு நான் நினைச்சுக்கிட்டேன். காப்பாத்தினதுதானே அது? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், இருங்க.

எல்லாரும் போனப்புறம் மங்கை இந்த ஹாலைக் கூட்டிக்கிட்டே கேட்டா. "அப்பா, அவர் என்ன கேக்க வந்தாருன்னு தெரியுமா?"

"ஏதோ உ-னாம்மா"ன்னேன்.

"'உங்க பொண்ணை'ன்னு ஆரம்பிச்சாருப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படியே அந்தத் தூண்ல சாஞ்சுட்டேன். அவ கூட்டறதை நிறுத்தல. "கிசுகிசுன்னு கேட்டா அவருக்கு வந்திருக்கும். என்கிட்ட எல்லாமே அப்படித்தான் சொன்னாரு. ஆனா உங்ககிட்ட வாய்விட்டுத்தான் கேக்கணும்னு நிக்கறாரு. இதை மட்டும் மறைவுல நின்னு கேக்க மாட்டாராம்"னா.

எனக்குக் கோபமெல்லாம் வரல, உண்மையைச் சொல்லிடறேன். பயம்தான் வந்துச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாதவன் வீட்ல என் பொண்ணு எப்படி இருப்பா? அந்த வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்? எங்க வீட்ல அமைதிங்கறதே கிடையாதும்மா. அவ அம்மா போனப்ப மங்கை சின்னப் புள்ள. ஒரு வார்த்தை பேசாது. சோத்தைப் பிசைஞ்சு வெச்சா அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். அழுதாலாவது பரவால்ல, அழாது. நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்? தலையில அண்டாவைக் கவுத்துக்கிட்டு ஆடினேன். அவ அத்தை மாதிரிப் பேசிக் காமிச்சேன். பால்காரன் மாதிரி, தாசில்தார் மாதிரி. ஒரு நாள் களுக்குன்னு சிரிச்சுது. அன்னிக்குப் பிடிச்சு இந்த வீட்ல நான் மௌனத்தை விழவே விட்டதில்ல. பேசிக்கிட்டே இருந்தேன். அப்படித்தாம்மா அவளை வளத்தேன்.

ஃபோன் அடிக்குது பாருங்க உங்களுக்கு. கட் பண்ணிட்டீங்களா? நல்ல பழக்கம். ரிகர்சல்ல ஃபோன் எடுக்கறது எனக்குப் பிடிக்காது.

சரி, எங்க விட்டேன்? மங்கை சொன்னா, "அப்பா, ஞாயித்துக்கிழமை அவரும் அவங்க அம்மாவும் வீட்டுக்கு வராங்க. அவர் கேப்பாரு. எவ்வளவு நேரமானாலும் அவரே கேட்டு முடிப்பாரு. முடிக்கிற வரைக்கும் நீங்க சும்மா இருங்க. அப்புறம் நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது ஒண்ணுதான்பா கேக்கறேன்." என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. நானும் சத்தியம் பண்ணேன்.

என்னால ஆனதெல்லாம் பண்ணினேன்மா. வாயில பனங்கற்கண்டை அடக்கிக்கிட்டேன், அது கரையற வரைக்குமாவது பேச வராதுன்னு. காலைலேருந்து ரிகர்சல் பாத்தேன், கண்ணாடி முன்னாடி சும்மா உக்காந்து. பேசாம உக்காந்திருக்க ரிகர்சல்! சிரிப்பு வருதுல்ல?

வந்தாங்க. அந்தம்மா அதோ அங்க உக்காந்தாங்க. மங்கை கேசரித் தட்டை வெச்சுக்கிட்டு அந்த நிலைப்படில நின்னா. குருபரன் உக்காரல. நின்னுக்கிட்டே பேசினான். "வாத்தியாரே, உங்க பொண்ணு..." அது வந்துடுச்சு! பாருங்க, அன்னிக்கு மாட்டின இடத்தைத் தாண்டிட்டான். எனக்கே சந்தோஷமாப் போச்சு. ஆனா அடுத்து அவ பேரு வருது. "ம... ம..." அதுல மாட்டிக்கிட்டான். கண்ணை மூடிட்டான். கழுத்து நரம்பு புடைச்சுக்கிச்சு.

நான் காத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமாக் காத்துக்கிட்டு இருந்தேன். ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. கீழ யாரோ கொத்தமல்லி வித்துக்கிட்டுப் போறான். அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் மங்கையைப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. அவ தட்டைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கறா, அவ அம்மா போனப்ப இருந்தாளே, அப்படியே அதே முகம். கற்கண்டைக் கடிச்சு முழுங்கிட்டேன். "மங்கையைக் கட்டிக் குடுங்கன்னு கேக்கற, அதானே? குடுத்தேன் போ! ரசம் மட்டும் நீ வெச்சுக்கோ, அவளுக்கு வராது!"

எப்படி வந்து விழுந்துச்சு பாருங்க வசனம்! எழுதி வெச்சாக்கூட இப்படி வராது. அந்தம்மா "சாமி!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுச் சிரிச்சுட்டாங்க, கண்ணுல தண்ணி. நானும் எழுந்து போயி அவன் முதுகுல தட்டினேன். ஆனா அவன் முடிக்கல. கேசரியை நானே எடுத்து எல்லாருக்கும் குடுத்தேன், அப்பவும் அவன் உதடு அந்த 'ம'லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.

மங்கை தட்டை மேசையில வெச்சா. "ஒண்ணுதானேப்பா கேட்டேன்"னா.

"சம்மதம்னுதானேம்மா சொன்னேன்!"

"அவர் கேக்கவே இல்லையேப்பா"ன்னா.

கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கறது தப்பா? இத்தனை வருஷமா எங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தவன், ஒரே ஒரு தடவை நான் அவனுக்கு எடுத்துக் குடுத்தேன், அது ஒரு குத்தமா? அன்னிக்குச் சாயந்திரமே ஒரு பெட்டியை எடுத்துக்கிட்டு, கூட வேலை பாக்கற டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா. வயலூர் முருகன் சந்நிதியில கல்யாணம். எனக்குச் சொன்னா. சொல்லாம இல்ல. "நீங்க வராதீங்கப்பா. வந்தா அங்கயும் அவருக்கும் சேத்து நீங்களே பேசிடுவீங்க"ன்னு ஃபோன்ல சொன்னா. நான் போகல. வீட்ல உக்காந்து, முகூர்த்த நேரம் முடியற வரைக்கும் அந்தக் கடைசி சீன் வசனத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தேன். கட்டிக்கம்மா, கட்டிக்கம்மான்னு. இந்தச் சுவத்துக்குத்தான் சொன்னேன்.

இப்ப நான் என்ன செய்யணும்? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஜெயசீலன் என்னடான்னா, பிராம்ப்ட்டர் இல்லாம மேடை ஏற மாட்டேங்கறான். அதை நான் பாத்துக்கறேன். நீங்க லலிதாவா நின்னாப் போதும். ஜன்னலுகிட்ட நின்னு அந்தச் சிரிப்பு...

என்னம்மா எழுந்துட்டீங்க? பிடிக்கலையா? நான் ரொம்பப் பேசிட்டேனா? சரி, சரி. சொல்லுங்க. கேக்கறேன்.

என்ன?

ராஜாமணி அனுப்பலையா? பின்ன யாரு நீங்க?

குருபரன் தங்கச்சியா! ஈரோட்ல கட்டிக் குடுத்திருக்குன்னு சொல்லுவானே, அந்தப் புள்ளையா? அட கடவுளே. அதான் அந்தச் சிரிப்பைப் பாத்ததும்... இதை வந்ததும் சொல்ல வேண்டாமாம்மா? உங்க அண்ணனைப் பத்தி உங்ககிட்டயே நான் பாட்டுக்கு... சொல்ல வந்தீங்களா? எப்ப?

இருங்க. மங்கை எங்க? கீழயா? இங்க, நம்ம வாசல்லயா? எவ்வளவு நேரமா? நீங்க மேல வந்ததுலேருந்தா!

"அப்பாகிட்ட மேல வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா"ன்னு சொன்னாளா? இதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்ல... பூனாவுக்கா? வேலை கிடைச்சுப் போறாங்களா? இன்னிக்கேவா? மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாயிடுச்சா? ஐயோ, வாங்கம்மா இப்படி, பால்கனிக்கு வாங்க.

அதோ நிக்குதே ஆட்டோ, பெட்டியெல்லாம் கட்டி வெச்சு, அதுதானே? பைக்கோட நிக்கறது உங்க வீட்டுக்காரரா? சரி. மங்கை தெரியறா. இளைச்சுட்டா. தலையை வெளிய நீட்டிட்டா. இங்கதான் பாக்கறா. என்னைப் பாத்துட்டாம்மா!

குருபரன் இறங்கறான். அவனும் மேல பாக்கறான். வாய் திறக்கறான் பாருங்க. ஏதோ சொல்ல வர்றான். நடுத்தெருவுல நின்னு, இத்தனை பேருக்கு நடுவுல, வாய்விட்டு...

என்னது? கூப்பிடவா? ஷ்... மெதுவாப் பேசுங்க. இப்பக் கூப்பிடக் கூடாதும்மா. அவன் ஆரம்பிச்சுட்டான். கண்ணை மூடிட்டான் பாருங்க. மாட்டிக்கிட்டான். இப்ப நான் உள்ள பூந்தா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பேச மாட்டா. அவ என்னையே பாக்கறா பாத்தீங்களா? கண்ணை எடுக்காமப் பாக்கறா. அப்பா இப்பவும் வாயை விடுவாரான்னு பாக்கறா. மாட்டேன்மா. இந்தத் தடவை மாட்டேன்.

கையைப் பிடிக்காதீங்க. வர வேண்டியது அவன் வாயிலேருந்து வரட்டும்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான். இருடா, ஒரு நிமிஷம் இருடா. அவன் இன்னும் முடிக்கல. மங்கை கீழ பாத்துட்டா. ஏன் கீழ பாக்கறா? அவன் கையைப் பிடிச்சு உள்ள இழுக்கறா. ஏறிட்டான்.

போயிடுச்சு.

பாத்தீங்கல்ல? கூடவே நின்னு பாத்தீங்கல்ல? நீங்க ஸ்டேஷனுக்குப் போவீங்கல்ல, அவகிட்ட நீங்கதாம்மா சொல்லணும். இந்தத் தடவை அப்பா ஒரு வார்த்தை பேசலன்னு.